1,86,000 ரூபாய் மாடிஃபிகேஷன், 14,500 ரூபாய் பிரேக்: என் பழைய தார் கற்றுக்கொடுத்த கணக்கு



நம்ம சேனலில் செகண்ட் ஹேண்ட் கார் பற்றி வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரியான கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

"அண்ணா, வயசு 27. கையில 58,000 சம்பளம் வருது. புது தார் விலை நமக்கு எட்டாது. 2013, 2014 மாடல் பழைய தார், டீசல், ஃபோர் பை ஃபோர், ஐந்தரை லட்சம் சொல்றாங்க. சேமிப்புல வண்டியை வாங்கிட்டு, மூணு லட்சம் பர்சனல் லோன் போட்டு லிஃப்ட், பெரிய டயர், பம்பர் எல்லாம் பண்ணிடலாமா?"

என் பதில் மூன்று வரி. வண்டி வாங்கலாம். லோன் வேண்டாம். மாடிஃபிகேஷனுக்கு அவசரம் வேண்டவே வேண்டாம்.

"ஆடிட்டர்னா இப்படித்தான் சொல்வீங்க"ன்னு நினைக்காதீங்க. இது புத்தகத்தில் படித்த பதில் இல்லை. நானே செய்த தப்பிலிருந்து வந்த பதில். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் கணக்குக்கு வருகிறேன்.

கொல்லிமலை இறக்கம்

2021-ல் நான் ஒரு 2013 மாடல் தார் சிஆர்டிஇ வாங்கினேன். 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், ஓடியது 78,000 கிலோமீட்டர். விலை 5,60,000 ரூபாய், முழுக்கச் சேமிப்புப் பணம். அதுவரை எல்லாம் சரி.

வாங்கிய வாரமே நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு டீசல் மெக்கானிக்கிடம் காட்டினேன். லாரிகளோடு முப்பது வருஷம் புழங்கியவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆடிட்டர் சார், வண்டி ஓடறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். நிக்குதான்னு முதல்ல பார்ப்போம். பிரேக் ஆயில் கருத்துப்போச்சு. ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கு. பின்னால வீல் சிலிண்டர் கசியுது."

பேட், ஷூ, ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், ஆயில் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்றார்.

"இப்ப பிரேக் பிடிக்குதேண்ணா?" என்று கேட்டேன்.

"பிடிக்குது சார். சமதரையில பிடிக்குது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. அடுத்த மாசம் செய்துகொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த எட்டு மாதத்தில் நான் செய்த செலவு இது:

மட் டெரெய்ன் டயர் 5, அளவு 245/75 ஆர்16: ரூ.72,500
சஸ்பென்ஷன் லிஃப்ட்: ரூ.58,000
முன்பக்க இரும்பு பம்பர்: ரூ.32,000
ஸ்நார்க்கல்: ரூ.12,000
எல்இடி பார், கூடுதல் விளக்குகள்: ரூ.11,500
மொத்தம்: ரூ.1,86,000

ஒரு டயர் 14,500 ரூபாய். மெக்கானிக் பிரேக்குக்குக் கேட்டதும் அதே 14,500. வண்டியின் பின்னால் அழகுக்குத் தொங்கிய ஸ்டெப்னிக்குக் கொடுத்த காசை நான் பிரேக்குக்குக் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி சிங்கம் மாதிரி ஏறியது. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். கால் பஞ்சில் இறங்குவது போல அடிவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

இரண்டாவது கியர், உடனே முதல் கியர். இஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாகவே ஒட்டி வளைந்து, அதற்கு அடுத்து ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஒரு மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். எதிரே பஸ் வரவில்லை. அது என் திறமை இல்லை, அந்த நேரத்து அதிர்ஷ்டம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிரேக் சூட்டு வாடை மட்டும் வந்தது. அப்புறம் அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற. இதுக்கு ஒரு கணக்குப் பார்க்கலையா?"

பிரேக் ஏன் போச்சு?

வண்டி மேல் எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்க என்னுடையது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பிரேக் ஆயிலுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால் பிரேக் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்க முடியும். அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. அரை மணி நேரம் ஆறினதும் எனக்குப் பெடல் திரும்ப வந்ததற்கும் அதுதான் காரணம்.

இதில் என் மாடிஃபிகேஷனுக்கும் பங்கு உண்டு. இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 235/70 ஆர்16. அதன் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். நான் போட்டது சுமார் 774. ஏறக்குறைய 5 சதவீதம் பெரிசு. எடையும் அதிகம். பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். அதே கியரில் இஞ்சின் பிடித்து நிறுத்துகிற சக்தியும் அந்த 5 சதவீத அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டர் 95 காட்டும்போது உண்மையில் வண்டி 100-ல் போகும். இதற்கு மேல் இரும்பு பம்பரின் எடை வேறு.

அதாவது நான் பிரேக்கை ரிப்பேர் செய்யாமல் விட்டது மட்டும் இல்லை, 1,86,000 ரூபாய் செலவு செய்து அதன் வேலையை அதிகமாக்கியும் இருக்கிறேன்.

செய்யாத செலவு எங்கேயும் போவதில்லை

கிளையண்ட்டுகளிடம் நான் அடிக்கடி சொல்லும் வார்த்தை 'புரொவிஷன்'. நாளைக்கு வரப்போகிற செலவுக்கு இன்றைக்கே ஒதுக்கி வை என்பதுதான் அதன் அர்த்தம். பழைய வண்டி விலை குறைவாகக் கிடைப்பது ஏன்? முதல் ஓனர் தேய்த்த பாகங்களுக்கான பில் இன்னும் வரவில்லை. அந்த பில்லோடு சேர்த்துத்தான் வண்டியை நம்மிடம் கொடுக்கிறார். 5,60,000 என்பது வண்டியின் விலை இல்லை. அது முன்பணம்.

கொல்லிமலைக்குப் பிறகு எனக்கு வந்த பில்:

பிரேக் முழு வேலை: ரூ.16,200
கிளட்ச்: ரூ.19,500
கிராஸ், வீல் பேரிங், புஷ்: ரூ.14,300
முன் ஆக்சில் ஜாயின்ட், பூட்: ரூ.12,400
ரேடியேட்டர், ஹோஸ், கூலன்ட்: ரூ.11,800
கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், கிரவுன், இஞ்சின் ஆயில்கள்: ரூ.9,600
பேட்டரி: ரூ.6,700
மொத்தம்: ரூ.90,500

இதில் அந்த 12,400-ஐ மட்டும் கவனியுங்க. இந்த மாடலில் முன் சக்கரங்களுக்கு டார்ஷன் பார் சஸ்பென்ஷன். போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும். ஆனால் எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு கோணத்தில் ஆக்சில் ஷாஃப்ட் வளைந்து சுற்ற வேண்டும். ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், ஜாயின்ட் சாகும். லிஃப்டுக்குக் கொடுத்த 58,000 எனக்கு இந்த 12,400-ஐயும் கூட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் உயரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை இதுதான். ஒன்று முடியாமல் அடுத்ததுக்குப் போகக்கூடாது.

*1. நிற்க வேண்டும்.* பிரேக் பேட், ஷூ, ஹோஸ், ஆயில். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றுங்க. சேற்றிலோ தண்ணீரிலோ போய்வந்தால் பின் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யணும். உள்ளே தங்கும் மண் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

*2. சூடாகாமல் இருக்க வேண்டும்.* ஆஃப்ரோடில் வண்டி மெதுவாகப் போகும், இஞ்சின் அதிகமாக உழைக்கும். முன்னாலிருந்து காற்று வராது. அதனால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் சரியாக இருக்கணும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும்.

*3. தண்ணீரும் மண்ணும் உள்ளே போகக்கூடாது.* சிஆர்டிஇ இஞ்சினில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் போகிறது. டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் காலி. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துவிடும் பழக்கம் வேண்டும். ஆக்சிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் மூச்சுவிட பிரீதர் இருக்கும். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி உயரமான இடத்துக்குக் கொண்டுபோவது சில நூறு ரூபாய் வேலை. ஆழமான தண்ணீரைக் கடந்து வந்தால் கிரவுன் ஆயிலைப் பாருங்க. பால் டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்க. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கவும் மறக்கக்கூடாது.

*4. பிடிமானம்.* பெரிய டயர் அல்ல, சரியான காற்று. மணலிலோ சேற்றிலோ இறங்கும் முன் டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படியும். இதைவிட மலிவான மாடிஃபிகேஷன் உலகத்தில் கிடையாது. வேகம் குறைவாகப் போகணும், தார் ரோட்டுக்கு ஏறும் முன் திரும்பக் காற்று நிரப்பணும். 3,500 ரூபாய்க்கு நான் வாங்கின சின்ன கம்ப்ரஸர், 72,500 ரூபாய் டயரைவிட அதிக முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கம்பெனி அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர் போட்டால் ஆரம்ப நிலை ஓட்டுநருக்குத் தாராளம்.

*5. மீட்பு.* மாட்டிக்கொண்டால் வெளியே இழுக்க, சேஸிஸோடு பிணைந்த உறுதியான கொக்கி, எடை குறிப்பிட்ட ரோப், ஷேக்கிள். பம்பரிலோ டோ பந்திலோ ரோப் மாட்டி இழுக்கவே கூடாது. பிய்த்துக்கொண்டு வந்தால் அது குண்டு மாதிரி பறக்கும். தனியாக ஆஃப்ரோடு போகாதீங்க, குறைந்தது இரண்டு வண்டி.

*6. மற்றதெல்லாம்.* லிஃப்ட், ஸ்நார்க்கல், விளக்கு. ஸ்நார்க்கல் காற்று இழுக்கும் வாயை உயர்த்துகிறது, அவ்வளவுதான். அது மாட்டியதால் பிரீதரோ வயரிங்கோ வாட்டர் ப்ரூஃப் ஆகிவிடாது.

செலவே இல்லாத இரண்டு விஷயமும் இருக்கு. ஒன்று, மாதம் ஒரு முறையாவது மண் தரையில் ஃபோர் வீலைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்க. பயன்படுத்தாத லீவர் ஒரு நாள் தேவைப்படும்போது இறுகிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடக்கூடாது, வளைவில் முன் பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கும். இரண்டு, மலை இறங்கும்போது ஏறிய கியரிலோ அதற்குக் கீழோ இறங்குங்க. எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்யவில்லை.

உங்கள் இஎம்ஐ-யை நீங்களே கட்டுங்கள்

பழைய வண்டிக்கு இஎம்ஐ இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் இஎம்ஐ உண்டு. அது பேங்குக்குப் போகாமல் மெக்கானிக்குக்குப் போகிறது. தேதி மட்டும் முன்கூட்டியே தெரியாது.

கணக்கு எளிது. ஒவ்வொரு பாகத்தின் விலையையும் அது எத்தனை மாதம் வரும் என்பதால் வகுங்க. என் வண்டிக்கு:

டயர் 72,500 ÷ 60 மாதம் = 1,208
பிரேக் 16,200 ÷ 24 = 675
கிளட்ச் 19,500 ÷ 60 = 325
கிராஸ், பேரிங், புஷ் 14,300 ÷ 36 = 397
கூலிங் 11,800 ÷ 48 = 246
பேட்டரி 6,700 ÷ 36 = 186
வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ் 13,000 ÷ 12 = 1,083
கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், கிரவுன் ஆயில் 4,800 ÷ 12 = 400
இன்ஷூரன்ஸ் 14,400 ÷ 12 = 1,200
டர்போ, இன்ஜெக்டர் போன்ற பெரிய செலவுக்கு ஒதுக்கீடு = 1,500
மொத்தம் = மாதம் 7,220

நான் 7,500 என்று வைத்துக்கொண்டு சம்பளம் வருகிற மாதிரி ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி தனி ஆர்டி-யில் போடுகிறேன். டீசல் செலவு இதில் சேராது. இது எமர்ஜென்சி ஃபண்டும் இல்லை. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான ஃபண்ட் தனியாக இருக்கணும். பிரேக் தேய்வது எமர்ஜென்சி கிடையாது, நிச்சயமாக வரப்போகிற செலவு.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்க. ஆறு மாதம், வண்டி இல்லாமலே, மாதம் 7,500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்க. மூன்றாவது மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் உங்க பட்ஜெட் இந்த வண்டிக்கு இன்னும் தயாராகவில்லை. தயாராக இருந்தால், 45,000 ரூபாயோடு வண்டி வாங்குவீங்க. முதல் வேலையான பிரேக்கும் கூலிங்கும் அதிலேயே முடியும்.

லோன் போட்டால்?

மூணு லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, மூணு வருஷம் என்றால் மாதம் சுமார் 10,250 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 69,000. இதோடு மேலே சொன்ன 7,500-ஐயும் கூட்டினால் 17,750. 58,000 சம்பளத்தில் 30 சதவீதத்துக்கும் மேல், டீசல் போடுவதற்கு முன்னாடியே. அப்போது எது நிற்கும்? இஎம்ஐ நிற்காது, பேங்க் விடாது. பிரேக் வேலைதான் "அடுத்த மாசம்" ஆகும்.

மாடிஃபிகேஷனை விற்கும்போது காசாக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 32,000-க்கு வாங்கின என் பம்பரை 9,000-க்குத்தான் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து ஆகாது. அதனால் நல்ல நிலையில் பராமரித்து வாங்கின விலையைவிட அதிகத்துக்கு விற்றாலும் அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதே போல நஷ்டம் வந்தாலும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

இதை மாடிஃபிகேஷன் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்க இரும்புக் கம்பி கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இடித்தால் பாதசாரிக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பதுதான் காரணம். பம்பரை நான் கழற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஷூரன்ஸில் மூன்று விஷயம்:

முதலாவது, கூடுதலாக மாட்டியதைச் சொல்லாமல் விட்டால் அதற்கு காசு வராது. மாற்றம்தான் விபத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தால் முழு கிளெய்முக்கே சிக்கல் வரலாம். எதையும் மாட்டும் முன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்க.

இரண்டாவது, ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே பேசி முடிவாகும் தொகை. பிரீமியம் குறையட்டும் என்று அதை ரொம்பக் குறைக்காதீங்க.

மூன்றாவது, பாலிசியில் 'உபயோகக் கட்டுப்பாடு' என்ற பத்தியைப் படியுங்க. ரேஸ், வேகப் பரிசோதனை, தாங்குதிறன் பரிசோதனைப் போட்டி இதெல்லாம் வழக்கமான தனியார் கார் பாலிசியில் கவர் ஆகாது. தண்ணீருக்குள் இஞ்சின் நின்ற பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசியில் பொதுவாகக் கிடைக்காது.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். சொந்த நிலம், அனுமதியோடு நடக்கும் பயிற்சித் திடல் என்று போங்க.

வாங்கும் முன் ஐந்து நிமிஷம்

ஆர்.சி.-யில் பேங்க் பெயர் இருந்தால் பேங்க் என்ஓசி-யும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாக என்ஓசி, அதற்கு மேல் இங்கே வாழ்நாள் வரியும் கட்டணும், அதையும் விலையில் சேருங்க. சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுங்க. தரையும் சேஸிஸும் துருப்பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்க, இஞ்சினை மாற்றலாம், துருவை மாற்ற முடியாது. ஏற்கெனவே யாரோ மாடிஃபை செய்த வண்டி என்றால் விலையைக் கூட்டிக் கேட்பார்கள். நீங்கள் குறைத்துக் கேளுங்க.

வண்டி பதிவாகி 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலிலிருந்து கார் வகைக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரியும் சேரும். புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். பரிசோதனையில் ஆர்.சி.-க்கு மாறான பம்பரும் டயரும் அப்போது கேள்வியாக வரும்.

கடைசியாக

போன மாதம் அதே வண்டியில் அப்பாவோடு திரும்பவும் கொல்லிமலை போனேன். இப்போது வண்டி பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. கம்பெனி அளவு டயர், எல்இடி இல்லை, பம்பர் இல்லை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். முதல் பத்து வளைவு வரை அப்பா முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பலாப்பழ விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் செய்த மொத்தச் செலவில் எனக்குக் கிடைத்த சரியான வருமானம் அதுதான்.

பழைய ஜீப் ஆசை தப்பே இல்லை. ஆசைப்படுங்க, வாங்குங்க, சேற்றில் இறங்குங்க. ஆனால் முதல் 14,500-ஐ எங்கே போடுவது என்ற கேள்வி வரும்போது வண்டியைப் பார்க்காதீங்க. உங்க பக்கத்து சீட்டில் யார் உட்காரப்போகிறார் என்று பாருங்க.

மேலே சொன்ன மாதக் கணக்கை உங்க வண்டிக்கு எப்படிப் போடுவது என்று அடுத்த வீடியோவில் ஷீட்டோடு காட்டுகிறேன். அதுவரை ஆறு மாதச் சோதனையை இந்த 5-ஆம் தேதியே ஆரம்பிச்சுடுங்க.